எவர்சில்வரில் விழும் துளை

விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டையிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பட்டாசுத் தொழிலையேனும் தீப்பெட்டித் தொழிலையேனும் அறியாத குடும்பம் அரிது. அத்தொழில்களில் இரண்டு உப்புக்கள் வழங்குகின்றன. ஒன்று, வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட்டு. மற்றொன்று, தீக்குச்சி மருந்திற் சேரும் பொட்டாசியம் குளோரேட்டு. பின்னது எரிந்தபின் எஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு. அது கறியுப்புக்கு நெருங்கிய உறவு. நைட்ரேட்டும் குளோரைடும் நாம் எவர்சில்வர் என்றழைக்கும் துருவேறா எஃகினிடத்து ஒன்றற்கொன்று மாறாக நடந்துகொள்வதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

எவர்சில்வரைக் காப்பது அதிற் கலந்துள்ள குரோமியம். நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாமல் அஃது இருப்பின், பிராணவாயுவோடு கூடி மேற்பரப்பில் ஓர் ஆக்சைடு ஆடையைப் போர்த்துகின்றது. மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால், அவற்றுள் இரண்டு மூன்று கூறே அவ்வாடையின் கனம். கீறினாலும் அது தானே மூடிக்கொள்ளும். ஆயினும் ஈரமும் குளோரைடும் தங்குமிடத்து, பெரும்பாலும் எஃகினுள் மாங்கனீசு சல்பைடுத் துகள் தலைகாட்டும் இடத்தில், ஆடை கிழிகின்றது. மாங்காய் ஊறுகாயை எவர்சில்வர் ஏனத்தில் நெடுநாள் வைத்தவர், அடியில் ஊசிமுனையளவான கரும்புள்ளிகளைக் கண்டிருப்பர்.

அப்புள்ளியைச் சிறிதென்று எண்ணுதல் தவறு. உள்ளே கரைந்த இரும்பும் குரோமியமும் நீரோடு வினைபுரிந்து அமிலத்தை விளைவிக்கின்றன. அவ்வமிலம் மேலும் உலோகத்தைக் கரைக்கின்றது. புறத்தேயுள்ள குளோரைடு உள்ளே ஈர்க்கப்படுகின்றது. துளையினடியில் சதுர சென்டிமீட்டருக்கு ஓர் ஆம்பியர் வீதம் மின்னோட்டம் நிகழுமாயின், பாரடே விதிப்படி ஒரு மணி நேரத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஆழம் கரைந்துபோம்! நல்லவேளையாக அவ்வேகம் நெடிது நில்லாது. துளை ஆழமாக ஆகத் தளரும். எடையில் குறைவு தெரியாது, பாத்திரம் பளபளவென்றே இருக்கும், ஒருநாள் ஒழுகும். சமையற்கட்டில் ஒழுகினால் துடைத்துவிடலாம். கடற்காற்று வீசும் கல்பாக்கத்தில், 1985-ஆம் ஆண்டு முதன்முதல் இயக்கம் பெற்ற வேகப் பெருக்கி ஈனுலை போன்றவற்றில், எஃகுக் கலங்களும் குழாய்களும் எத்தகைய பொறுப்பைத் தாங்குகின்றன என்பதை மாணவர் எண்ணிப் பார்க்க.

ஆதலின், துளை வளரும்போதே அதனைக் காணவேண்டும். அறுத்துப் பார்த்தால் வளர்ச்சி நின்றுவிடும். எலக்ட்ரான் நுண்ணோக்கியோ பெரும்பாலும் ஈரமற்ற வெற்றிடத்தையே வேண்டுவது. ஈரத்தையும் மெல்லிய உலோகத்தையும் ஒருங்கே ஊடுருவ வல்லது, 1895-இல் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிரேயாம். மருத்துவமனைக் கருவி போதாது. தடித்த தகட்டில் மயிரிழையளவுக் குழி அதன் நிழற்படத்தில் தோன்றாது. எலக்ட்ரான்களை ஒளியின் வேகத்தை அணுகும்வரை முடுக்கி வளையத்திற் சுழற்றும்போது எழும் சிங்க்ரோட்ரான் கதிர் வேண்டும். நம் நாட்டில் இந்தூரிலுள்ள இந்துஸ்-2 என்னும் வளையம் 250 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடையது.

மெல்லிய எஃகுக் கம்பியைக் கதிர்முன் சுழற்றிப் பல நூறு நிழல்களை எடுத்துக் கணிப்பொறியில் இணைத்தால், துளையின் முழு வடிவமும் கிடைக்கும். மேலே சல்லடை போன்ற மூடி. கீழே கிண்ணம் போலக் குடைந்த பள்ளம். கண்ணுக்குப் புலனாவது மூடியே! அம்மூடி அமிலத்தை வெளிச்செல்ல விடாது காப்பதால், துளைக்கு அதுவே அரண். பள்ளத்தினடியில் படியும் உப்புப் படலத்தை எக்ஸ் கதிர் விளிம்புவளைவால் ஆராய்ந்தோர், அது நான்கு நீர் மூலக்கூறுகளைக் கொண்ட இரும்புக் குளோரைடு எனக் கண்டனர்.

இனி வெடியுப்பு. குளோரைடுக் கரைசலில் நைட்ரேட்டு போதிய அளவு சேர்ந்தால், துளை எழுவது தடைப்படும். எழுந்த துளையும் மீண்டும் ஆடை பூணக்கூடும். எனவே, ஒரே ஊரின் இரு தொழில்களில் வழங்கும் உப்புக்களில் ஒன்றன் எச்சம் எஃகை அழிப்பது. மற்றொன்று அதனைக் காப்பது. இதைப் படித்து எவரும் ஏனத்தில் வெடியுப்பு தூவ வேண்டா!

ஓர் இடர்ப்பாட்டையும் மறைத்தலாகாது. கடுமையான எக்ஸ் கதிர் நீரைச் சிதைத்து ஹைட்ரஜன் பெராக்சைடு முதலியவற்றைப் பிறப்பிக்கும். அவை துளையின் போக்கையே மாற்றக்கூடும். ஆகவே ஆராய்வோர் கதிரை இடையிடையே மறைத்தும், கதிர்படாத வேறொரு கம்பியின் மின்னோட்டத்தை உடன் அளந்தும், இரண்டும் ஒத்து நடக்கின்றனவா என்று பார்க்கின்றனர்.