டம்டம் மேட்டு மாளிகை

லேக் மார்க்கெட்டில் வாழும் நமக்கு டம்டம் தொலைவன்று. காளிகாட் நிலையத்தில் மெட்ரோ ஏறினால் நேரே போய்ச் சேரலாம். அங்கே நாகேர் பஜார் பக்கத்தில், குடியிருப்புகளின் நடுவே ஒரு மேடும், அதன்மேல் பாழடைந்த செங்கல் மாளிகை ஒன்றும் உள்ளன. அதுவே ‘கிளைவ் மாளிகை’.

கிளைவின் கதை நம் நாட்டில் தொடங்கியது. 1744-இல் சென்னைக்கு எழுத்தராக வந்த அவன், 1751-இல் ஆர்க்காட்டு முற்றுகையைத் தாங்கிப் பெயர் பெற்றான். 1756-இல் சிராஜ் உத்தௌலா கல்கத்தாவைக் கைப்பற்றினான். அதனை மீட்கச் சென்னையிலிருந்து புறப்பட்ட படையில் தென்னாட்டுச் சிப்பாய்களும் இருந்தனர். 1757 சனவரியில் நகரம் மீண்டது. சூன் 23-இல் பிளாசிப் போர் முடிந்தது. அதன்பின் கிளைவ் இம்மாளிகையைத் தன் நாட்டுப்புற இல்லமாகக் கொண்டான். கட்டடம் அவனுக்கு முற்பட்டது என்றும், மேல்மாடியே அவன் சேர்த்தது என்றும் கூறுவர்.

ஆனால் மாளிகையினும் பெரிய செய்தி அதன் அடியில் இருந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறை மேட்டை அகழ்ந்தது. மட்கல ஓடுகளும் சுடுமண் உருவங்களும் வெளிப்பட்டன. ஏறத்தாழ கி.மு. 2-ஆம் நூற்றாண்டிலேயே அங்கு மக்கள் வாழ்ந்தனர் என அகழ்வாளர் கணித்தனர். 1690-இல் ஜாப் சார்னாக் வந்திறங்கியதே கல்கத்தாவின் பிறப்பு என்று நாம் படித்தோம் அல்லவா? சார்னாக்கை நகரின் நிறுவனராகக் கொள்ள இயலாது என்று கல்கத்தா உயர்நீதிமன்றமும் 2003-இல் தீர்ப்பளித்தது. நம் கீழடியும் அகழ்வதற்கு முன் ஒரு தென்னந்தோப்பு மேடாகவே கிடந்தது என்பதை இங்கே நினைவு கூரலாம்.

இன்றைய நிலை என்ன? மாளிகை பாதுகாக்கப்பட்ட தேசியச் சின்னம். எனினும் பூச்சு உதிர்ந்து, சுவர் சிதைந்து, பாழாகவே நிற்கிறது. மேட்டைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்டன.

அடிமைப்படுத்தியவனின் வீட்டை ஏன் காக்க வேண்டும் எனச் சிலர் கேட்கலாம். கிளைவைப் போற்றுவதற்காக அன்று. அந்நியன் வருமுன் இங்கு ஊர் இல்லை என்ற கூற்றை மறுக்கும் சான்று அந்த மண்ணிலேயே உள்ளது. மாளிகையைக் கைவிட்டால் மேட்டையும் இழப்போம். ஒரு விடுமுறை நாளில் சென்று காணுங்கள். சுவரில் பெயர் கீறாதீர்கள். கண்டதை வங்க நண்பர்களிடமும் பேசுங்கள். பலர் பேசும் சின்னம் எளிதில் அழியாது.