நாகசுர மரமும் சீவாளிப் புல்லும்

கோயில் வாசலிலும் கலியாணப் பந்தலிலும் நாகசுரம் கேளாத குடியானவர் தமிழ்நாட்டில் அரியர். ஆயினும் அவ்வாத்தியத்துக்கு வேண்டிய பொருள்கள் கிராமத்திலேயே கிடைப்பவை என்பதைப் பலர் அறியார்.

1. உலவு. நாகசுரத்தின் நீண்ட குழலுக்கு உலவு என்று பெயர். தஞ்சாவூர் ஜில்லா நரசிங்கம்பேட்டை ஆசாரிகள் இதனை ஆச்சா மரத்தில் கடைகின்றனர். இந்நாட்டு மரங்களுள் மிகுந்த கனமும் கடினமும் உடையவற்றுள் இஃது ஒன்று. புது மரம் இவ்வேலைக்கு உதவாது. ஈரம் உலருங்கால் மரம் சுருங்கும். சில சமயம் வெடிக்கும். உட்டுளை சிறிது மாறினும் சுருதி கெடும். வாசிப்பவர் மூச்சின் ஈரமும் நாள்தோறும் உள்ளே படிகின்றது. ஆகவே, பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்திரங்களையும் தூண்களையுமே ஆசாரிகள் தேடி வாங்குகின்றனர். பல்லாண்டு கூரையைத் தாங்கிய மரம் சுருங்குமளவு சுருங்கி அடங்கியிருக்கும்.

2. அணசு. உலவின் அடியில் மலர்ந்த பூப்போல் விரிந்திருக்கும் பகுதி இது. இதற்கு வாகை மரம் ஏற்றது.

3. சீவாளி. ஓசை பிறக்குமிடம் இதுவே. காவேரிக் கரையில் வளரும் கொறுக்கை என்னும் நாணலினப் புல்லின் தட்டையை நறுக்கி, பதப்படுத்தி, தட்டையாக அமுக்கி, அடியை நூலாற் கட்டுவர். திருவாவடுதுறை இத்தொழிலுக்குப் பேர்பெற்றது. ஊதும்போது இரண்டு இதழ்களும் துடித்து நாதத்தை உண்டாக்கும். சீவாளி விரைவில் தேயும். ஆதலால் வித்துவான்கள் மாற்றுச் சீவாளிகளை வாத்தியத்திலேயே நூலிற் கோத்துத் தொங்கவிடுகின்றனர்.

2022ஆம் ஆண்டில் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இதனால் பெயருக்குக் காவல் உண்டாயிற்று. மரத்தையும் புல்லையும் காப்பது கிராமத்தார் கடமை.

அங்கத்தினர் கவனிக்க வேண்டியவை:

(அ) பழைய வீட்டைப் பிரிக்குமுன் உத்திரம் இன்ன மரமென்று தச்சரைக் கொண்டு அறிதல். ஆச்சா மரத்தை விறகு விலைக்குத் தள்ளலாகாது.

(ஆ) தனித்தனியே ஒவ்வோர் உத்திரமாக விற்பதைவிட, சங்கத்தின் மூலம் சேர்த்து ஆசாரிகளுக்கு நேரே விற்றல்.

(இ) கரையைத் திருத்தும்போது கொறுக்கையை வேரோடு களையாமல் முற்றியதை மட்டும் அறுத்தல்.

அறுத்த புல் மீண்டும் தழைக்கும். அடுப்பில் எரிந்த பழைய உத்திரத்துக்கு ஈடாக இன்று நடும் கன்று, நட்டவர் பேரர் காலத்திலேயே உதவும்.