எந்திரத் தகடும் அதற்கேற்ற உலோகமும்

நீராவிக் கொதிகலனாயினும், மின்மோட்டாராயினும், நீரிறைக்கும் பம்பாயினும், தொழிற்சாலையிலுள்ள எந்திரம் ஒவ்வொன்றின் மேலும் சிறிய உலோகத் தகடொன்று பொருத்தப்பட்டிருத்தலை நாம் கண்டிருக்கின்றோம். செய்தோர் பெயர், தொடரெண், செய்த ஆண்டு, தாங்கத்தக்க அழுத்தம், வேண்டும் மின்னழுத்தம் முதலியன அதன்கண் பொறிக்கப்பட்டிருக்கும். தொழிலாளர் அதனை நேம்பிளேட் என்பர். அத்தகட்டை எவ்வுலோகத்தாற் செய்தல் தக்கது என்பதனை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

இஃது ஆராய்ச்சிக்குரிய பொருளோ எனச் சிலர் ஐயுறுதல் கூடும். எந்திரத்தைச் செய்தவர் ஓரூரார். அதனை நடத்துபவர் மற்றோரூரார். முப்பது ஆண்டு கழிந்தபின் செய்தவரைக் காண்டல் அரிது. உடன்வந்த காகிதங்களும் காணாமற் போம். அப்பொழுது, இக்கொதிகலன் எத்துணை அழுத்தம் தாங்கும் என்று கேட்பானுக்கு விடை கூற எஞ்சி நிற்பது அத்தகடு ஒன்றே. அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிராக்டன் நகரில், 1905-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20-ஆம் நாள் காலணித் தொழிற்சாலை யொன்றின் கொதிகலன் வெடித்து 58 பேர் மாண்டனர். அதன்பின் 1907-இல் அம்மாநிலம் கொதிகலன்களுக்குச் சட்டம் வகுத்தது. 1915-இல் அமெரிக்க எந்திரப் பொறியியலார் கழகம் தன் கொதிகலன் விதிகளை வெளியிட்டது. செய்தோர் பெயரும் தாங்கத்தக்க அழுத்தமும் கொதிகலன் மேலேயே அழியாது பொறிக்கப்படல் வேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. ஆகவே தகட்டின் இலக்கணம் இதுவே: எந்திரம் உள்ளளவும் எழுத்து விளங்குதல் வேண்டும். எவ்வுலோகம் சிறந்தது என வினவுதல் பொருந்தாது. இவ்விடத்தில் எழுத்துக்குப் பகை யாது என வினவுதலே முறை.

முதற்கண் அலுமினியத்தை நோக்குவாம். இஃது எடை குறைந்தது, வெட்டவும் வளைக்கவும் எளியது, விலையும் மலிவு. காற்றுப் பட்டவுடன் அதன்மேல் மெல்லிய ஆக்ஸைடுப் படலம் தோன்றி உள்ளுலோகத்தைக் காக்கின்றது. நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் தகட்டை அமிழ்த்தி மின்னோட்டம் செலுத்தி அப்படலத்தைத் தடிப்பாக்குதலை அனோடைசிங் என்பர். அப்படலத்திலுள்ள நுண்டுளைகளிற் சாயமேற்றிப் பின் வெந்நீரில் இட, துளைகள் அடைபடும். எழுத்து மேற்பூச்சாக நில்லாது தகட்டின் தோலினுள்ளேயே தங்கிவிடும். வெயிலிற் சாயம் வெளிறலாம். துளைகளில் வெள்ளியின் நுண்டுகளைப் படியவைத்து அமைக்கும் கரிய எழுத்தோ வெயிலைத் தாங்கும். எனினும் அலுமினியத்துக்குக் காரம் பெரும்பகை. காஸ்டிக் சோடாவாற் கழுவப்படும் பால்பண்ணையிலும் சோப்புத் தொழிற்சாலையிலும் படலமும் கரையும், உலோகமும் கரையும். அதன் உருகுநிலை 660 பாகை செண்டிகிரேடேயாதலின் உலைக்கருகிலும் அஃது உதவாது.

அடுத்தது பித்தளை. செதுக்குவதற்கு மிக இணங்குவது. எழுத்தின் விளிம்பு கூராக நிற்கும். பழைய நீராவி எஞ்சின்களில் இதனைக் காண்கின்றோம். ஆயின், களிம்பேறுதல் பற்றி நாடோறும் துலக்கவே, ஆழமின்றிச் செதுக்கிய எழுத்து அத்துலக்கத்தாலேயே தேய்ந்துபோம். அன்றியும் அம்மோனியா இதற்கு ஆகாது. ஆங்கிலேயராட்சியில் இந்தியாவிற் படைகளின் பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்திற் பிளவுபட்டன. குதிரை லாயங்களில் எழும் அம்மோனியாவும், கூடுகளைச் செய்தபொழுது உலோகத்துள் தங்கிய இறுக்கமும் கூடியே அப்பிளவுகளை உண்டாக்கின என்பது 1921-இல் விளக்கப்பட்டது. அம்மோனியாவாற் குளிரூட்டும் பனிக்கட்டித் தொழிற்சாலைக்குப் பித்தளைத் தகடு தகாது என்பது இதனாற் பெறப்படும்.

மூன்றாவது, நம் நாட்டில் எவர்சில்வர் என வழங்கும் துருவேறா எஃகு. 1913-இல் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரேயர்லி என்பார் குரோமியம் மிகக் கலந்த எஃகு துருப்பிடியாமையைக் கண்டார். 304 என்னும் வகையிற் குரோமியம் நூற்றுக்குச் சற்றேறக்குறைய 18, நிக்கல் 8 பங்கு உள்ளன. கடற்காற்றிலுள்ள உப்பு இதனையும் புள்ளிபுள்ளியாக அரிக்கும். ஆதலின் கடற்கரையில், 2 முதல் 3 பங்கு மாலிப்டினம் சேர்ந்த 316 என்னும் வகையைக் கொள்ளல் நன்று. விலை மிகுதி, செதுக்குதலும் கடினம். ஆதலின் திராவகத்தால் அரித்தோ, லேசர் ஒளியாலோ எழுத்தமைப்பர். லேசரின் வெப்பம் அளவு கடப்பின் அவ்வெழுத்தின் வழியே துரு நுழையும் என்பதனை மறத்தலாகாது.

உலோகத்தைத் தேர்ந்த அளவில் வேலை முடிந்ததன்று. அலுமினியத் தகட்டைப் பித்தளைத் திருகாணியால் முடுக்கின், உப்புநீர் பட்டவிடத்து இரண்டும் ஒரு மின்கலம் போலாகி ஆணியைச் சூழ்ந்த அலுமினியம் அரிக்கப்படும். எவர்சில்வர்த் தகட்டைச் சாதாரண இரும்பாணியாற் பொருத்தின், ஆணி துருவேறித் தகடு கீழே விழும். விழுந்த தகடு எந்த எந்திரத்துக்குரியது என்று யாரறிவார்? அதனை வேறொரு கொதிகலன்மேற் பொருத்திவிடின், தகடின்மையினும் பெருந்தீங்கு விளையும். எழுத்தமைப்பும் இவ்வாறே எண்ணத்தக்கது. எந்திரத்துக்கு வண்ணம் பூசுவோர் தகட்டின்மேலும் பூசிவிடுதல் இயல்பு. ஆழப் பொறித்த எழுத்தாயின் பூச்சைச் சுரண்டி மீட்கலாம். மேலே அச்சிட்ட எழுத்தாயின் பூச்சோடு அதுவும் போம்.

எனவே, கூரையின் கீழ் நிற்கும் மோட்டாருக்கு அனோடைசிங் செய்த அலுமினியம் போதும். அங்கே எவர்சில்வர் வீண்செலவு. காரம் படுமிடத்திலும் வெப்பம் மிக்கவிடத்திலும் ஆழப் பொறித்த எவர்சில்வரும், கடலோரத்தில் 316 வகையும் வேண்டப்படும்; அங்கே மலிவு நோக்குதல் ஆகாது. உலோகம், எழுத்து, ஆணி என்னும் மூன்றனுள் ஒன்று கெடினும் தகடு பயனற்றதாம். நாளை தொழிற்சாலைகளிற் புகவிருக்கும் நம் மாணவ நண்பர்கள், எந்திரத்தின் விசையைத் தொடுமுன் அதன் தகட்டைப் படிப்பாராக. படிக்க இயலாதவாறு அது மங்கியிருப்பின், மேலோர்க்கு அறிவித்துப் புதுப்பித்த பின்னரே விசையைத் தொடுவாராக.