துறைமுகக் கிடங்கில் பெண்டிர் கலைக்கூடம்

முன்னுரை

கலை தனியொருவர் உள்ளத்தே தோன்றினும், கூடி உரையாடும் களத்திலேயே வளர்கின்றது. புலவர்க்கு அவை வாய்த்தது. பெண்டிர்க்கோ அத்தகைய களம் எளிதில் வாய்த்ததில்லை. வாய்த்தவிடத்து விளைந்த பயனைக் கொச்சித் துறைமுகம் வழி நின்று காண்போம்.

கிடங்கு அரங்கானமை

கொச்சிக் கோட்டைப் பகுதியின் கடற்கரையில், 1867-இல் ஆஸ்பின்வால் என்னும் ஆங்கில வணிகர் நிறுவிய வணிக இல்லம் உள்ளது. மிளகும் இஞ்சியும் தேங்காயெண்ணெயும் கையாண்ட அவ்விடம், 12.12.2012 அன்று தொடங்கிய கொச்சி - முசிறிப் பன்னாட்டுக் கலைவிழாவின் முதன்மை அரங்காயிற்று.

பெண் ஒருவரின் தெரிவு

முதல் மூன்று விழாக்களையும் நெறிப்படுத்தியோர் ஆடவரே. 2018 டிசம்பரில் தொடங்கிய நான்காம் விழாவை அனிதா துபே நெறிப்படுத்தினார். கேரளம் பெருவெள்ளத்தால் நலிந்த ஆண்டு அது. அவ்விழாவில் பங்கேற்ற கலைஞருள் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். திறமை புதிதாக முளைத்ததன்று. தெரிவு செய்யும் இடத்தில் பெண் ஒருவர் அமர்ந்தமையே இதன் காரணம் எனலாம்.

நூலகமும் அடுக்களையும்

அக்கி தாமி என்னும் கலைஞர் பெண்கள் படைத்த நூல்களைத் திரட்டிப் 'சிஸ்டர் லைப்ரரி' என்னும் நூலகத்தை அமைத்தார். அனுமித்ரா கோஷ் தஸ்திதார் முதலிய பெண்கள் மரபு அரிசி வகைகளைச் சமைத்துப் பரிமாறினர். அடுக்களைப் பணியும் கலையாக மதிக்கப்பெற்றமை ஈண்டு நோக்கற்பாலது. காண வந்தோர் வாசகராயினர். உண்ண வந்தோர் நெல்லின் வரலாறு கேட்டனர்.

நிலைத்த இடம்

விழாவோ 2019 மார்ச்சில் நிறைவுற்றது, கூடியோர் பிரிந்தனர். ஆயின் அந்நூலகம் அதே ஆண்டில் மும்பையில் நிலையான இடம் பெற்றது. விழா அறிமுகம் தரும்; நிலைத்த இடமே தொடர்ச்சி தரும் என்பது இதனாற் பெறப்படும்.

முடிவுரை

நம் சேலம், நாமக்கல் சமவெளியில் கடல் இல்லை. காவிரி உண்டு, தறியும் உண்டு. நெசவு இல்லங்களில் தார் சுற்றும் பெண்டிரின் வண்ண அறிவைக் கலை என்று நாம் எண்ணியதுண்டா? கல்லூரிதோறும் ஓர் அறையை, வாரம் ஒரு மாலைப் பொழுதேனும், மாணவியர்க்கும் அன்னையர்க்கும் படைப்புக் களமாகத் திறந்து வைப்போமாக. பெரும்பொருள் வேண்டா, பூட்டிய அறையின் திறவுகோல் போதும்.