புற்றுக் காளான்: குடையைப் பார்த்துப் பறிக்காதீங்க, வேரைப் பாருங்க

கரையான் புற்றைக் கண்டதும் கடப்பாரையைத் தூக்கும் பழக்கம் நம்மில் பலரை இன்னும் விடவில்லை. இயற்கை வழிக்கு வந்த பிறகும், "கரையானுக்கு எந்தக் கரைசல் அடிக்கலாம்?" என்பதுதான் பலருடைய முதல் கேள்வி. எங்கள் மானாவாரிக் காட்டில் வேலியோரம் உள்ள நான்கு புற்றுகளில் நான் கை வைப்பதில்லை. மழைக்காலத்தில் அங்கே கிடைக்கும் காளானே அதற்குப் போதுமான காரணம்.

புற்றுக் காளானை வளர்ப்பது கரையான்தான். சருகையும் காய்ந்த குச்சியையும் தின்று, தன் கழிவைக் கொண்டே புற்றுக்குள் தேன்கூடு மாதிரி ஒரு படுக்கை கட்டுகிறது. அதில் ஒரு பூஞ்சை படர்கிறது. கரையானால் எளிதில் செரிக்க முடியாத மரச்சத்தைப் பூஞ்சை உடைத்துக் கொடுக்க, கரையான் அதைத் தின்கிறது. நம்ம மட்குக் குழியில் நடக்கும் வேலை மாதிரிதான். மழைநீர் மண்ணுக்குள் நன்றாக இறங்கியதும், அந்தப் படுக்கையிலிருந்து காளான் கிளம்பி மண்ணைத் துளைத்து வெளியே வருகிறது. அறிவியலில் இதை டெர்மிட்டோமைசிஸ் என்கிறார்கள். சிப்பிக் காளான் மாதிரி வைக்கோல் பையில் வித்து போட்டு இதை எடுத்துவிட முடியாது. கரையான் இருந்தால்தான் இது.

இடி இடிச்சாதான் காளான் முளைக்கும்னு ஊரில் சொல்லுவாங்க. இடியோடு வரும் மழைதான் காரணம் என்பது என் எண்ணம். எப்படியோ, மழை பெய்த மறுநாள் விடியற்காலையே போய்ப் பாருங்க. வெயில் ஏறினால் குடை விரிந்து புழு வைத்துவிடும்.

இனி முக்கியமான விஷயம். வெள்ளையாக, குடையாக இருப்பதையெல்லாம் பறித்துவிடக் கூடாது. புற்றுக் காளானின் குடை நடுவில் ஆணி முனை மாதிரி ஒரு கூர்மை இருக்கும். மண்ணைத் துளைக்கும் முனை அதுதான். தண்டோடு மண்ணை மெதுவாகப் பறித்துப் பார்த்தால், வேர் மாதிரி ஒல்லியாக நீண்டு கீழே கரையான் படுக்கை வரைக்கும் போகும். முதல் தடவை பார்க்கிறவங்க ஒன்றையாவது இப்படித் தோண்டிப் பார்க்கணும். மற்றவற்றைத் தரையோடு அறுத்துக்கொண்டால் போதும். படுக்கையைக் கிளறினால் அடுத்த வருசம் இருக்காது.

மேய்ச்சல் தரையிலும் புல்வெளியிலும் ஒரு பெரிய வெள்ளைக் குடைக் காளான் வரும். மேலே பழுப்புச் செதில், தண்டில் வளையம். குடைக்கு அடியில் விசிறி மடிப்பு மாதிரி இருக்கும் தகடுகள் இளசில் வெள்ளையாக இருந்து, முற்றினால் பச்சையாகும். சாப்பிட்டால் சில மணி நேரத்திலேயே வாந்தியும் பேதியும் படுத்திவிடும். இதைவிடக் கொடியது, தண்டின் அடியில் முட்டை ஓடு மாதிரி பை இருக்கிற வகை. அடியோடு தோண்டாமல் அறுத்தால் அந்தப் பை மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும், நமக்குத் தெரியாது. இந்த இனத்தில் கொல்லும் காளான்கள் உண்டு.

வீட்டில் இன்னொரு சோதனையும் செய்யலாம். விரிந்த குடையைத் தண்டில்லாமல் அறுத்து, பாதி கறுப்பு பாதி வெள்ளைத் தாள்மேல் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி ராத்திரி முழுக்க வைங்க. காலையில் வித்துத்தூள் படிந்திருக்கும். புற்றுக் காளானுக்கு அது வெளிர் இளஞ்சிவப்பு. பச்சையோ சுத்த வெள்ளையோ வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்க. இளஞ்சிவப்பாக வந்தாலும் அதை மட்டும் நம்பக் கூடாது, நஞ்சுக் காளான்களிலும் அந்த நிறம் உண்டு. வேர், முனை, புற்று எல்லாம் சேர்ந்து ஒத்துவரணும்.

மஞ்சள் போட்டால் நிறம் மாறும், வெள்ளிக்காசு கறுக்கும், பூச்சி தின்றிருந்தால் நல்லது என்கிற பேச்சையெல்லாம் விட்டுவிடுங்க. எதுவும் நஞ்சைக் காட்டாது. வேகவைத்தாலும் கொல்லும் வகையின் நஞ்சு போகாது. வருசா வருசம் பறிக்கிற ஆயா யாராவது ஊரில் இருந்தால் கூடவே ரெண்டு மூணு மழைக்குப் போங்க. அரிசி கொட்டினாற்போலக் கூட்டமாக வரும் குட்டிக் காளானும் கரையான் வளர்ப்புதான். ஆனால் அதற்கு நீண்ட வேர் கிடையாது என்பதால், புதியவர்கள் அவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

கிடைத்ததையெல்லாம் வழித்துக்கொண்டு வராமல் நாலைந்தை முழுசாக விரிய விடுங்க. ஈசல் பறந்து போய்ப் புதுப் புற்று வைக்கும்போது, பெரும்பாலான வகைகள் பூஞ்சையைக் கையோடு கொண்டுபோவதில்லை. பின்னால் பிறக்கும் வேலைக்காரக் கரையான்கள் வெளியே உதிர்ந்து கிடக்கும் வித்துத்தூளைப் பொறுக்கி வந்துதான் படுக்கையைத் தொடங்குகின்றன. பக்கத்துக் காட்டில் களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ அடித்திருந்தால் அந்த வரப்புக் காளான் வேண்டாம். மண்ணில் இருப்பதைக் காளான் உறிஞ்சிக்கொள்ளும்.

சமையல் ரொம்ப எளிது. மண்ணைச் சுரண்டி அலசி, சின்ன வெங்காயம், மிளகு, சீரகம் போட்டு நன்றாக வேகவைத்தால் போதும். பச்சையாகத் தின்னக் கூடாது. முதல் தடவை ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம், குழந்தைகளுக்குக் கொடுக்கவும் வேண்டாம். சமைக்காத காளான் ஒன்றைத் தாளில் சுற்றித் தனியே எடுத்து வைங்க. யாருக்காவது வயிற்றைப் புரட்டினால் அதையும் எடுத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்குப் போயிடணும். சாப்பிட்டு 6 மணி நேரத்துக்கு மேல் கழித்து வாந்தி தொடங்கினால் இன்னும் அவசரம். நடுவில் ஒருநாள் தேறின மாதிரி இருக்கும்; அப்போதும் உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும்.