கூடி எழுதுதலும் இணையக் கருவிகளும்

கட்டுரை எழுதப் பயிற்றுதல் தமிழாசிரியர் கடமைகளுட் கடினமானதொன்று. நாற்பது கொப்பிகளைச் சிவப்பு மையினால் திருத்திக் கொடுக்கின்றோம். மாணவன் புள்ளியை நோக்குவான், திருத்தத்தை நோக்கான். அக்கட்டுரை எவ்வாறு உருவாயிற்று என்பது ஆசிரியர்க்கும் புலப்படுவதில்லை.

இக்குறையை நீக்குதற்கு இணையக் கருவிகள் சில துணையாகின்றன. அவற்றுள் கூகிள் டொக்ஸ் கட்டணமின்றிக் கிடைப்பது. ஒரே கட்டுரையைப் பலர் வெவ்வேறு கணினிகளிலிருந்து ஒரே வேளையில் எழுதலாம். எவர் எதனை எழுதினார், எதனை நீக்கினார் என்பதை அதன் திருத்த வரலாறு காட்டும்; ஒவ்வொருவரும் தத்தம் கணக்கினூடே எழுதுதல் மட்டும் வேண்டும். ஆசிரியர் பிழையைத் தாமே திருத்தாது, ஓரத்திற் குறிப்பிட்டு மாணவனையே திருத்தச் செய்யலாம்.

மேல்வகுப்புகளில் இதனைக் கையாளும் முறை வருமாறு:

1. நால்வர் கொண்ட குழுக்களாக வகுப்பைப் பிரித்தல்.
2. ஒவ்வொருவருக்கும் ஒரு பந்தியை வகுத்தளித்தல். இங்ஙனம் பகுத்துக் கொடாவிடின் வல்லவன் ஒருவன் எழுத, மூவர் பார்த்திருப்பர்.
3. ஒருவனது பந்தியை மற்றொருவன் சந்தி, எழுவாய் பயனிலை இயைபு, பொருட்டொடர்ச்சி ஆகியன நோக்கி ஆராய்தல்.
4. முழுவதையும் ஒருங்கிருந்து வாய்விட்டு வாசித்து ஒருநடைப்படுத்தல்.

கட்டுரைக்கு வேண்டிய செய்திகளைத் தேடுதற்கு 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இலவசமாக வாசிக்கத் தரும் நூலகம் இணையத்தளமும் உதவும். ஆயின் அங்குள்ளதை அப்படியே பெயர்த்தெழுதுதல் கட்டுரையாகாது.

இரண்டு எச்சரிக்கைகள் உள. இலவசமாய்க் கிடைப்பது என்றும் நிலைப்பதன்று. ஆசிரியர் பலர் பயன்படுத்திய யம்போட் என்னும் இணையக் கரும்பலகையைக் கூகிள் 2024ஆம் ஆண்டிறுதியில் நிறுத்திவிட்டது. ஆதலின் மாணவர் ஆக்கங்களுக்குப் பிரதியொன்று எம்மிடமும் இருத்தல் வேண்டும். மற்றையது, 2020இற் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது, திறன்பேசியில்லாத வீட்டுப் பிள்ளைகள் இணையப் பாடங்களை இழந்தமையை நாம் மறத்தலாகாது. இத்தகைய பயிற்சியை வீட்டுவேலையாக விதியாது, கல்லூரிக் கணினியறையிற் பாடவேளையிலேயே செய்வித்தல் நன்று.

பழைய மாணவர் கணினியும் இணைய இணைப்பும் உதவுவதோடு அமையாது, இன்னுமொன்று செய்யலாம். கடல் கடந்து வாழும் ஒருவர் வாரத்தில் அரைமணி நேரம் ஒதுக்கி, ஆசிரியரின் அனுமதியோடு, ஒரு மாணவனது பந்தியை வாசித்து ஓரக்குறிப்பு எழுதுவாராயின், தன் எழுத்தை வாசிப்பார் உளர் என்னும் ஊக்கம் அம்மாணவனுக்கு உண்டாகும். அவ்வூக்கத்தை எக்கருவியும் தானாகத் தரமாட்டாது.