வெயில் அடித்தும் ஏன் விமானம் ரத்து?

லடாக் போய் வந்தவர்கள் பலரும் இப்படி ஆதங்கப்படுவதைக் கேட்டிருப்பீர்கள்: வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, வெயில் பளீரென்று அடிக்கிறது, ஆனால் வானிலை சரியில்லை என்று சொல்லி விமானத்தை ரத்து செய்துவிட்டார்கள்! 2024 ஜூலை இறுதியில் லேயில் அடுத்தடுத்துப் பல விமானங்கள் ரத்தானபோதும் இதே கோபம் எழுந்தது. லே விமானத்தளம் நம் விமானப்படையுடையது. பயணிகள் விமானங்களும் படையின் சரக்கு விமானங்களும் ஒரே ஓடுபாதையில்தான் இறங்குகின்றன. அந்த ஓடுபாதையைப் புரிந்துகொண்டால், வானிலை பற்றி நாம் நம்பிக்கொண்டிருக்கும் பலவும் ஆட்டம் காணும்.

நம்பிக்கை: வானம் தெளிவாக இருந்தால் பறப்பதற்கு நல்ல நாள்.

லே கடல் மட்டத்திலிருந்து 3,256 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்று மெலியும்; வெயில் ஏறினால் இன்னும் மெலியும். வெப்பம் 25 டிகிரியைத் தொடும்போது லேயின் காற்றடர்த்தி, சென்னைக் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். இறக்கை விமானத்தைத் தூக்குவது காற்றைக் கொண்டு; எஞ்சின் விழுங்குவதும் அதே காற்றைத்தான். அதனால் ஒரே நேரத்தில் தூக்குவிசையும் குறைகிறது, உந்துவிசையும் குறைகிறது. அதை ஈடுகட்ட வேகம் வேண்டும். சென்னையில் மணிக்கு 260 கிலோமீட்டரில் தரைதொடும் விமானம், அதே எடையோடு லேயில் இறங்கினால் 315 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். விமானியின் வேகமானி அப்போதும் பழைய எண்ணையே காட்டும், ஏனென்றால் அது அளப்பது காற்றின் அழுத்தத்தை. ஆனால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிவிடும்.

இத்தோடு முடியவில்லை. ஓடுபாதையின் கிழக்குப் பக்கம் மலை நெருங்கி நிற்கிறது. ஆகவே பெரும்பாலும் மேற்கிலிருந்து வந்து இறங்க வேண்டும், மேற்கு நோக்கியே கிளம்ப வேண்டும். விடியற்காலையில் இதில் சிக்கல் இல்லை. வெயில் ஏறி மலைச்சரிவுகள் சூடானதும் சிந்து பள்ளத்தாக்கில் தென்மேற்கிலிருந்து காற்று கிளம்பும். இறங்கும் விமானத்துக்கு அது முதுகில் தள்ளும் பின்காற்று. ஏற்கெனவே மிதமிஞ்சிய வேகத்தோடு அதுவும் சேரும். லேயின் பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து போவதற்குக் காரணம் இதுதான். மேகமே இல்லாத அந்த மதியம், லேயில் இறங்குவதற்கு மோசமான நேரங்களில் ஒன்று. அன்று ரத்து செய்தவர்களைப் பயணிகள் திட்டுவதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ரத்து செய்தவர்கள் போட்டது சரியான கணக்கு.

நம்பிக்கை: கடுங்குளிர் விமானத்துக்கு எதிரி.

பனியும் உறைநீரும் எதிரிதான், அதில் சந்தேகமில்லை. குளிர்ந்த காற்று அப்படியல்ல. மைனஸ் 10 டிகிரியில் லேயின் காற்று, 25 டிகிரியில் இருப்பதைவிட எட்டில் ஒரு பங்குக்கும் மேல் அடர்த்தி கூடியது. விமானம் அதிகச் சுமையோடு எளிதாகக் கிளம்பும். குளிரின் உண்மையான ஆபத்து உயரமானியில் ஒளிந்திருக்கிறது. அந்த உயரத்துக்கு இயல்பான வெப்பத்தைவிடக் காற்று குளிர்ந்திருந்தால், கருவி காட்டுவதைவிட விமானம் தாழ்வாகப் பறந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் சுமார் 4 விழுக்காடு பிழை என்பது தோராயக் கணக்கு. மலைகளுக்கு நடுவே இது சின்ன விஷயமல்ல.

நம்பிக்கை: போர் விமானிகள் எந்த வானிலையிலும் பறப்பார்கள்.

இதற்கு 1948 மே 24-ஐச் சான்று காட்டுவார்கள். அன்றுதான் நம் விமானப்படையின் மெஹர் சிங் டகோட்டா விமானத்தில் தரைப்படையின் ஜெனரல் திம்மையாவை ஏற்றிக்கொண்டு, லேயில் மணலைச் சமன்செய்து போட்ட தற்காலிகத் தளத்தில் இறங்கினார். மகத்தான துணிச்சல் அது. ஆனால் அதை விதியாக எடுத்துக்கொள்ள முடியாது. 2013 ஆகஸ்ட் 20-இல் லடாக்கின் தவுலத் பேக் ஓல்டியில், 16,600 அடிக்கு மேல், படையின் சி-130ஜே சரக்கு விமானம் இறங்கியதும் எடை, வெப்பம், காற்று எல்லாவற்றையும் கணக்கிட்ட பிறகுதான்.

நம் விமானப்படையில் விமானிகளுக்கு ஒயிட், கிரீன், மாஸ்டர் கிரீன் என்று, கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தகுதி உண்டு. மேகம் எவ்வளவு வரை தாழ்ந்திருந்தால், பார்வைத் தூரம் எவ்வளவு வரை சுருங்கியிருந்தால் இறங்க முயலலாம் என்பதை அந்தத் தகுதியே தீர்மானிக்கிறது, மனத்திடம் அல்ல. சொல்லப்போனால் போர் விமானத்துக்குத்தான் கெடுபிடி அதிகம். உள்ளே பெரும்பாலும் ஒரே ஆள். எரிபொருள் குறைவு, எனவே காத்திருந்து பார்க்க நேரமில்லை. வேறு தளத்துக்குத் திரும்புவதென்றால் சீக்கிரமே முடிவெடுக்க வேண்டும். இறங்கியதும் வேகத்தைக் குறைக்க விரியும் வால்குடை பக்கக்காற்று பலமாக இருந்தால் மூக்கைத் திருப்பிவிடும் என்பதால் அதற்கும் வரம்பு உண்டு.

நம்பிக்கை: மழை நின்றுவிட்டால் ஓடுபாதை தயார்.

லேயில் மழை அரிது. சமவெளிக்கும் கடற்கரைக்கும் வந்தால் கதை வேறு. தேங்கிய நீரில் வேகமாக உருளும் டயர் தரையைவிட்டு நீரின்மேல் ஏறிவிடும். பிறகு பிரேக் இருந்தும் பயனில்லை. டயருக்குள் இருக்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு என்றால் மணிக்குச் சுமார் 167 கிலோமீட்டரிலேயே இது தொடங்கலாம், 200 பவுண்டு என்றால் 235 கிலோமீட்டரில். போர் விமான டயர்களில் காற்றை அழுத்தி அடைப்பதில் இந்த லாபமும் உண்டு. பயணிகள் விமான உலகில் 2021 நவம்பர் முதல் ஓடுபாதையை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் 0 முதல் 6 வரை எண் தருகிறார்கள். காய்ந்திருந்தால் 6. வெறுமனே ஈரமென்றால் 5. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீர் நின்றால் நேராக 2. ஈரத்துக்கும் தேக்கத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது இந்த எண்களில் தெரியும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூழ்கியபோது, அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி தளம் பயணிகள் விமானங்களை ஏற்றுக்கொண்டது. நான்கு கிலோமீட்டர் நீள ஓடுபாதை அங்கே இருந்ததால் நனைந்த தரையிலும் நிற்க இடமிருந்தது.

நம்பிக்கை: மேகத்தையும் காற்றையும் பார்த்தால் போதும்.

ஓடுபாதையையும் பார்க்க வேண்டும்: அங்கே கிடக்கும் ஒரு கூழாங்கல் ஜெட் எஞ்சினை நாசமாக்கும். மிக்-29 போர் விமானம் தரையில் ஓடும்போது முன்வாயை மூடிக்கொண்டு மேல்புறத் திறப்புகள் வழியாகக் காற்றை இழுக்கும்படி அமைக்கப்பட்டது இதனால்தான். பறவைகளைத் தடுக்க அப்படி மூடி போட முடியாது. 2019 ஜூன் 27 அன்று அம்பாலாவிலிருந்து கிளம்பிய ஜாகுவார் போர் விமானம் பறவைக் கூட்டத்தில் மோதி ஒரு எஞ்சினை இழந்தது. விமானி கூடுதல் எரிபொருள் தொட்டிகளையும் பயிற்சிக் குண்டுகளையும் உதிர்த்து எடையைக் குறைத்து, அதே ஓடுபாதையில் பத்திரமாக இறக்கினார்.